கிரீஸ் அடிக்கும் கெடு

காரின் அடிப்பாகத்தில், இரு முன்சக்கரங்களையும் பிணைத்துக்கொண்டு குறுக்கே வளைந்து கிடக்கும் உருக்குத் தண்டுக்கு ஸ்டெபிலைசர் பார் என்று பெயர். அதைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் இரண்டு சிறு புஷ்களுக்கு எத்தனை காலத்துக்கு ஒருமுறை கிரீஸ் இடவேண்டும் என்று கார் வைத்திருப்பவர்கள் பட்டறையில் கேட்பதுண்டு. கேள்வி சிறியதாயினும், சக்கரம் பூட்டிய வாகனங்களின் நெடிய சரித்திரம் ஒன்று அதற்குள் அடங்கியிருக்கிறது. மசகிடும் கெடுவானது பாதையின் தன்மை, மசகின் தன்மை, ஒன்றோடொன்று உராயும் பொருள்களின் தன்மை ஆகிய மூன்றையும் அனுசரித்தே எக்காலத்திலும் நீண்டும் குறுகியும் வந்திருக்கிறது. இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்னதே மற்ற இரண்டையும்விட வலிமையுடையது என்பது என் துணிபு.

உராயும் இடத்தில் எதையாவது ஊற்றிச் சிரமத்தைக் குறைக்கலாம் என்ற ஞானம் மிகப் புராதனமானது. கிறிஸ்துவுக்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெஹுதிஹோதெப் என்னும் எகிப்தியப் பிரபுவின் கல்லறைச் சித்திரத்தில், பிரம்மாண்டமான சிலையொன்றைச் சறுக்குப் பலகையில் ஏற்றி ஏராளமான ஆட்கள் இழுத்துச் செல்ல, பலகையின் முன்னால் நின்றுகொண்டு ஒருவன் தரையில் திரவத்தை ஊற்றுவதைக் காணலாம். பிற்காலத்தில் மேனாடுகளில் ரத அச்சுகளுக்கும் வண்டி அச்சுகளுக்கும் மிருகக் கொழுப்பு பூசப்பட்டது.

நம் நாட்டு மாட்டுவண்டிக்கு வாய்த்தது ஆமணக்கு. எண்ணெய்களில் ஆமணக்கெண்ணெய் மிகவும் தடித்தது; எளிதில் வழிந்து ஓடாது; பாரத்தின் கீழும் உலோகத்தின்மேல் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனோடு வைக்கோலைச் சுட்ட கரியைக் குழைத்துச் செய்த கறுத்த களிம்பே வண்டி மை. வண்டிக்காரர்கள் அதை மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். கடையாணியைக் கழற்றி, வண்டியை முட்டுக்கொடுத்துத் தாங்கி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சின்மேல் மையைத் தடவி, குடத்தை மறுபடியும் உள்ளே தள்ளிப் பூட்டுகிற காரியம், பழகியவனுக்குச் சிறிது நேரத்து வேலைதான். அதற்கு மைல் கணக்கு ஏதும் இருந்ததில்லை. பாரம் ஏற்றி நெடுந்தூரம் புறப்படுமுன் ஒருமுறை, மழையிலோ ஆற்றிலோ சக்கரம் நனைந்தால் மறுமுறை, குடம் கிறீச்சிடத் தொடங்கினால் உடனே என்பதே அவர்கள் அனுசரித்த சம்பிரதாயம். காதே அவர்களுக்கு அளவுகோல். இதை அறியாமை என்று தள்ளுவோர் அந்த வேலையின் நுட்பத்தை அறியாதவர்கள். புழுதிச் சாலையில் ஒரு நாளும் வண்டல் பாதையில் ஒரு நாளும் அச்சுக்கு ஒரே விதமாகக் கழிவதில்லை என்பதை அனுபவத்தால் உணர்ந்தவர்களின் விவேகம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழுப்பையும் எண்ணெயையும் சுண்ணாம்போடு சேர்த்துச் சவர்க்காரமாக்கி, அந்தச் சவர்க்காரத்தால் எண்ணெயைக் கெட்டியாக்கும் முறை மேனாட்டில் பரவிற்று. 1859ஆம் வருஷம் அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் டிரேக் என்பவர் கிணறு தோண்டிப் பெட்ரோலியம் எடுத்த பிறகு, கனிஜ எண்ணெய் மலிந்து, டப்பாக்களில் அடைத்த அச்சு கிரீஸ் கடைச்சரக்காயிற்று. சுண்ணாம்புச் சவர்க்கார கிரீஸ் தண்ணீருக்குக் கரையாது, ஆனால் உஷ்ணத்துக்கு இளகிவிடும். சோடியச் சவர்க்கார கிரீஸ் உஷ்ணத்தைத் தாங்கும், தண்ணீரிலோ கரைந்துபோகும். ஆகவே சேற்றில் புரளும் அடிப்பாகத்துக்கு ஒன்று, சூடேறும் சக்கரப் பேரிங்குக்கு வேறொன்று என்று இரண்டு டப்பாக்களைப் பட்டறைகள் வெகுகாலம் வைத்திருக்க நேர்ந்தது.

மோட்டார் வாகனம் பிறந்தபோது கிரீஸ் இடும் தொல்லை நூறு மடங்கு பெருகிற்று. மாட்டுவண்டிக்கு உராயும் இடம் இரண்டு. காருக்கோ முன்சக்கரங்கள் திரும்பும் கிங் பின்கள், ஸ்டியரிங் மூட்டுகள், ஸ்பிரிங் பட்டைகளைச் சட்டத்தோடு கோக்கும் ஷாக்கிள் பின்கள், பிரேக் தண்டுகளின் முளைகள் என்று அடியில் குனிந்து பார்த்த இடமெல்லாம் இரும்பு இரும்போடு உராய்ந்துகொண்டிருந்தது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரின் மசகுப் பட்டியலைப் பார்த்தால், சில இடங்களுக்கு 200 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் விடவேண்டும் என்றிருக்கும். கிரீஸ் இடவேண்டிய மூட்டுகளின்மேல் மூடியோடு கூடிய சிறு கிண்ணங்கள் பொருத்தப்பட்டிருந்தன. கிண்ணத்தில் கிரீஸை நிரப்பி, மூடியை ஒரு திருகு திருகினால், அதன் அழுத்தத்தால் சிறிதளவு உள்ளே செல்லும். வலுவற்ற அந்த அழுத்தத்தால் உள்ளே சேர்ந்த புழுதியை வெளியேற்ற இயலாது. ஆகவே மணலும் கிரீஸும் கலந்த குழம்பு பின்னை அராவிக்கொண்டேயிருந்தது.

இக்குறையைப் போக்கியவர் ஆர்தர் குல்பார்க் என்னும் சிகாகோ நகரத்து இளைஞர். தந்தையின் வார்ப்படப் பட்டறையில் இயந்திரங்களுக்குக் கிரீஸ் இடும் சிரமத்தை நேரில் கண்ட அவர், முதல் மகா யுத்த காலத்தில், மிகுந்த அழுத்தத்தோடு கிரீஸைச் செலுத்தும் துப்பாக்கியையும் அது வந்து பொருந்தும் நிப்பிளையும் கண்டுபிடித்தார். அலமைட் என்ற பெயரில் அவை உலகெங்கும் பிரசித்தி பெற்றன. அதைத் திருத்தி, துப்பாக்கியின் வாயை நிப்பிளில் வைத்து அழுத்தினாலே போதும் என்ற சௌகரியத்தைக் கொடுத்தவர், வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆஸ்கர் ஸெர்க். அவருக்கு 1929 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. உச்சியில் ஒரு சிறு உருண்டை வால்வோடு இன்றும் லாரிகளிலும் டிராக்டர்களிலும் காணப்படும் நிப்பிள் அவருடையதுதான். புதிய கிரீஸ் உள்ளே புகும்போது பழைய கிரீஸ் தான் விழுங்கிய மண்ணோடு மறுபக்கம் பிதுங்கி வெளிவரும். சுத்தமான நிறம் தெரியும்வரை அடிக்கவேண்டும் என்பது வேலைக்காரர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விதி.

செல்வந்தர்களுக்கு வேறொரு வழியும் திறந்திருந்தது. ஜோசஃப் பிஜூர் என்ற அமெரிக்கர், ஒரு பிடியை இழுத்தாலே சன்னமான குழாய்கள் வழியாக மூட்டுகள் அனைத்துக்கும் எண்ணெய் பாயும்படி ஓர் ஏற்பாட்டை அமைத்தார். 1920-களின் பிற்பகுதியில் பாக்கார்டு கார்களில் அது இடம்பெற்றது. ஆனால் அச்சிறு குழாய்களில் ஒன்று அடைத்துக்கொண்டால் எந்த மூட்டு வறண்டு கிடக்கிறது என்று வண்டியை ஓட்டுகிறவருக்குத் தெரிய வழியில்லை. குழிக்குள் இறங்கி நின்று, நிப்பிள்தோறும் துணியால் துடைத்து, துப்பாக்கி வைத்து அடிக்கிற மனிதனின் கண்ணுக்கு அது ஒருகாலும் ஈடாகவில்லை.

அந்த மனிதனைப் பற்றிச் சரித்திரம் எழுதுவோர் யாரும் பேசுவதில்லை என்பது எனக்குக் குறையாகவே தோன்றுகிறது. மூன்றாம் வரிசை மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டி 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உற்பத்தி செய்த அம்பாஸடர் காரின் முன் மூட்டுகளில் நிப்பிள்கள் இருந்தன. அக்காலத்து பிரிட்டிஷ் கார்களுக்கு ஏறத்தாழ 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது வழக்கமான கெடு. சர்வீஸ் ஸ்டேஷனில் அதைச் செய்தவன் பெரும்பாலும் வயதில் சிறிய பையன், சம்பளமும் சிறியது. ஆனால் எந்த நிப்பிள் அடைத்திருக்கிறது, எந்தப் பின் தேய்ந்து ஆடுகிறது, எந்த ஸ்பிரிங் பட்டையில் விரிசல் விட்டிருக்கிறது என்பதை முதலில் கண்டு மேஸ்திரியிடம் சொன்னவன் அவனே. மேலும், எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்துவிடுவது என்ற சுலபமான சூத்திரமும் அவனுக்கு உதவாது. சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் மூலமாகிய டிரையம்ப் ஹெரால்டில், முன்சக்கரத்தின் கீழ்மூட்டுக்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயிலே செலுத்தவேண்டும் என்பது விதி; கிரீஸை அடைத்தால் மூட்டு வறண்டு, இறுகி, ஒரு நாள் முறியவும் கூடும்.

இவ்வளவு பெரிய தொழிலை ஒடுக்கியது நல்ல கிரீஸ் அன்று, ரப்பர். 1876இல் ஹென்றி விக்கம் பிரேஸிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கைக்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றின் சந்ததி மலாய் நாட்டின் காடுகளை விழுங்கித் தோட்டங்களாகப் பரவியபோது, அம்மரங்களைச் சீவிப் பால் எடுக்கத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரம் ஏழைக் குடும்பங்கள் கப்பலேறின. அவர்கள் உழைப்பில் மலிந்த ரப்பர் டயராக மட்டும் போகவில்லை. 1920-களில் லியோன் தீரி என்பவர், உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், இடையில் அழுத்தி நெருக்கிய ரப்பர் என்ற அமைப்பில் சைலன்ட்பிளாக் என்னும் புஷ்ஷை உருவாக்கினார். இதில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் பரப்பே கிடையாது. மூட்டு அசையும்போது ரப்பரே முறுகிக் கொடுத்து, மறுபடியும் தன் நிலைக்கு மீள்கிறது. வழுக்காத இடத்தில் மசகுக்கு வேலை ஏது? ஆகவே புஷ் புகுந்த மூட்டிலிருந்தெல்லாம் நிப்பிள் விடைபெற்றது.

ஸ்டெபிலைசர் பாரின் கதையும் இவ்விடத்தில் வந்து சேர்கிறது. கனடாவின் ஃபிரெடரிக்டன் நகரத்தவரான ஸ்டீஃபன் கோல்மன் என்பவர் 1919 ஏப்ரல் 22ஆம் தேதி அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் விறைப்பான ஸ்பிரிங் பட்டைகளோடு ஓடிய அந்நாளைய கார்களுக்கு அதன் தேவை அதிகமில்லை. 1934இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களின் முன்சக்கரங்களைத் தனித்தனியே ஏறி இறங்கும்படி செய்து, பிரயாண சுகத்துக்காக ஸ்பிரிங்குகளை மென்மையாக்கிய பிறகே, வளைவுகளில் வண்டி ஒருபக்கம் சாயும் தொல்லை பெரிதாகி, அதைத் தடுக்கும் தண்டு அவசியமாயிற்று. இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால் தண்டு புஷ்களுக்குள் சும்மா சுழன்று கொடுக்கும். ஒன்று மட்டும் ஏறினால் முறுகி, அந்த ஏற்றத்தை எதிர்த்து நிற்கும். 1950இல் பிரிட்டனில் வந்த ஃபோர்டு கான்சல், ஜெபிர் கார்களில், மக்ஃபர்சன் என்னும் பொறியாளர் வகுத்த முன்சக்கர ஏற்பாட்டில் இத்தண்டே சக்கரத்தின் கீழ்க்கையை முன்பின் நகராமல் பிடிக்கும் வேலையையும் ஏற்றது.

இதற்கிடையே கிரீஸும் முன்னேறாமல் இல்லை. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் என்பவர் லிதியம் சவர்க்காரத்தால் கிரீஸைக் கெட்டியாக்கினார். தண்ணீருக்கும் கரையாமல் உஷ்ணத்துக்கும் இளகாமல் நின்ற அது, பட்டறையின் இரண்டு டப்பாக்களை ஒன்றாக்கிற்று. அதன் சிறந்த வகைக்கு மூலமான கொழுப்பமிலம் ஆமணக்கெண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துப் பெறப்படுவது. உலகில் மிகுதியான ஆமணக்கை இன்றும் விளைவிப்பது இந்தியா. மூங்கில் குழாயில் தொங்கிய எண்ணெய் ரஸாயன சாலையின் வழியே சென்று காரின் பேரிங்குக்குள் அமர்ந்த இந்த மாற்றம், நம் பாடபுத்தகங்களில் இடம்பெறத் தக்கது. இத்தகைய கிரீஸும், மண் புகாத உறைகளும் சேர்ந்ததால், 1961இல் ஃபோர்டு நிறுவனம் தன் கார்களின் அடிப்பாகத்துக்கு 30,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் போதும் என்று விளம்பரம் செய்தது. இந்தியாவில் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பிறகு, கிரீஸ் துப்பாக்கி மெள்ள மெள்ளக் கார்களை விட்டு லாரிப் பட்டறைகளுக்கு ஒதுங்கியது.

போனதாக எண்ணிய கேள்வியைத் திரும்ப அழைத்து வந்தது பாலியூரிதேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்த இப்பொருள், பின்னாளில் ரப்பருக்குப் பதிலாகப் புஷ் வார்க்கப் பயன்படலாயிற்று. ரப்பரினும் கடினமான அது எளிதில் நசுங்காது. அதனால் வளைவில் தண்டு உடனே வேலை செய்யும். ஆனால் அது ரப்பரைப் போல முறுகிக் கொடுக்காது. தண்டு அதற்குள் வழுக்கியே ஆகவேண்டும். வழுக்கும் இடம் வறண்டால், பழைய மாட்டுவண்டிக் குடத்தைப்போலவே அது கிறீச்சிடுகிறது. அதற்கு உகந்தது, தண்ணீரில் கழுவிப்போகாத பிசுபிசுப்பான சிலிகோன் கிரீஸ். நிப்பிளோடு வரும் புஷ்ஷுக்கு, எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் ஓர் அழுத்து அழுத்திவிடலாம். நிப்பிள் இல்லாததற்கு வருஷம் ஒன்றோ இரண்டோ கழியலாம். தேங்கிய மழைநீரிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்னமே சத்தம் எழும். சத்தம் எழுந்தால் பிடிப்பைக் கழற்றி, தண்டின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, புஷ்ஷின் உட்பக்கத்துப் பள்ளங்கள் நிறையும்படி தடவவேண்டும்.

தொழிற்சாலையிலிருந்தே வரும் ரப்பர் புஷ்ஷுக்கோ கெடு என்பதே இல்லை. கனிஜ எண்ணெய் சேர்ந்த சாதாரண கிரீஸை அதில் தடவினால் இயற்கை ரப்பர் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். தண்டைக் கவ்விப் பிடிக்கவேண்டிய ரப்பர் வழுக்கத் தொடங்கினால் தேய்வும் விரைந்து வரும். சத்தம் கேட்டால் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, ரப்பர் வெடித்திருக்கிறதா, துளை நீள்வட்டமாக அகன்றிருக்கிறதா என்று பார்த்து, வேண்டுமானால் இரண்டு புஷ்களையும் சேர்த்தே மாற்றிவிடுவது முறை. தண்டைக் கவ்விப் பிடிக்கும் வகையானால், மாற்றியபின் போல்ட்டுகளை இறுதியாக முடுக்குமுன் வண்டியைச் சக்கரங்களின்மேல் இறக்கி நிறுத்தவேண்டும். தூக்கிய நிலையில் சக்கரங்கள் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியபடியே இருந்து, தன் ஆயுளில் பாதியை வீணே இழந்துவிடும்.