ஊட்ஸ் கத்தி: அசலும் போலியும்

இணையத்தில் "பழங்கால டமாஸ்கஸ் கத்தி" என்ற பெயரில் பல கத்திகள் விற்பனைக்கு வருகின்றன. அசல் டமாஸ்கஸ் வாள்கள் பலவற்றின் எஃகுக்கு 'ஊட்ஸ்' என்று பெயர். அது தென்னிந்தியாவில் உருவானது. கல்வராயன் மலைக்குக் கிழக்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து மேல்சிறுவளூரில் அந்த எஃகை உருக்கிய மூசைகளின், அதாவது களிமண் குடுவைகளின், துண்டுகள் கிடைத்தன. ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அதை 1994-இல் வெளியிட்டார்.

இரும்பைக் கரிப்பொருளுடன் மூசையில் அடைத்து உருக்கினால் 1 முதல் 2 சதவீதம் வரை கார்பன் கலந்த எஃகு கிடைக்கும். பக்குவமாக அடித்த கத்தியில் அலை அலையாகக் கோடுகள் தெரியும். இந்தக் கோடுகள் எஃகின் உள்ளேயே இருப்பவை.

போலிகள் இரு வகை. ஒன்று, அமிலத்தால் மேலே மட்டும் கோடு போட்டது. தேய்த்தால் அழிந்துவிடும், திரும்ப வராது. மற்றொன்று, இரு வகை எஃகை அடுக்கி அடித்து ஒட்டியது. இதன் கோடு திரும்ப வரும், உருப்பெருக்கியில் பார்த்தால் அடுக்கு தெரியும். வாங்குபவர் தாமே தேய்த்துப் பார்க்கக் கூடாது. அசலாக இருந்தால் மதிப்புக் கெடும்.

எஃகு அசல் என்பதாலேயே கத்தி பழையது ஆகிவிடாது. 1990-களில் அமெரிக்காவில் வெர்ஹோவன், பென்ட்ரே இருவரும் இதே எஃகைப் புதிதாகச் செய்து காட்டினர். எனவே வயதுக்குச் சான்று, கத்தி எங்கிருந்து, யார் கைமாறி வந்தது என்ற வரலாறுதான். மேல்சிறுவளூர் மூசைத் துண்டுக்கு விலை இல்லை; ஆனால் அது கிடைத்த இடம் தெரியும். ஊர் பெயர் தெரியாத கத்திக்கு அந்தச் சாட்சி கிடையாது.