வெற்றியிலும் சேரும் அடிகள்: குத்துச்சண்டை வீரரின் களவாழ்வு குறைவது ஏன்?

சென்னை: குத்துச்சண்டை வீரர் ஒருவர் எத்தனை காலம் களத்தில் நீடிப்பார் என்பதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை, அதுவரை அவர் வாங்கிய அடிகளும் தீர்மானிக்கின்றன. இதற்கு முகமது அலியின் இறுதி ஆண்டுகள் சான்று.

1980 ஜனவரியில் சென்னை வந்த அலி, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதினார். முதல்வர் எம்.ஜி.ஆரும் அதைக் கண்டுகளித்தார். அப்போது அலிக்கு வயது 38. அதற்குள் 59 தொழில்முறைப் போட்டிகளில் ஆடி, மூன்றில் மட்டுமே தோற்றிருந்தார்.

எனினும் வெற்றிகளும் உடலைப் பாதித்தன. 1975-இல் மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் 14 சுற்றுகள், 1977-இல் எர்னி ஷேவர்ஸுடன் 15 சுற்றுகள் மோதி வென்றார். ஷேவர்ஸ் போட்டிக்குப் பின், ஓய்வு பெறுமாறு வலியுறுத்திய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, அலி மறுத்ததால் அவரது குழுவிலிருந்து விலகினார்.

தொடர் அடிகளால் முதலில் குறைவது எதிர்வினை வேகம். முன்பு விலகித் தப்பிய குத்துகள் பின்னர் தலையில் விழுகின்றன; பாதிப்பு மேலும் பெருகுகிறது. பயிற்சியில் வாங்கும் அடிகளும் இதில் சேரும்.

1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸுக்கு எதிராக 10 சுற்றுகளுக்குப் பின் அலியின் பயிற்சியாளர் போட்டியை நிறுத்தினார். 1981-இல் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்று அலி விடைபெற்றார். 1984-இல் அவருக்கு பார்கின்சன் பாதிப்பு கண்டறியப்பட்டது. அதற்குக் குத்துச்சண்டை மட்டுமே காரணமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஆனால் தொடர் தலையடி மூளையைப் பாதிக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே பதிவு செய்துள்ளார்.