கொல்லைப்பக்கம் திரும்பிய கேமரா

சின்ன அத்தையின் கல்யாண கேசட் மூன்று மணி நேரம் ஓடும். 1995ஆம் வருடம், புதுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்த கல்யாணம். அதில் என் அப்பாயி வருவது மொத்தமே நான்கு விநாடி. கொல்லையில், கோட்டை அடுப்புக்கு முன்னால், கையில் கரண்டியோடு நிற்கிறது. வீடியோக்காரரின் வெளிச்சம் முகத்தில் அடித்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏதோ சொல்கிறது. கையை வீசுகிறது. கேமரா மணமேடைக்குத் திரும்பிவிடுகிறது.

என்ன சொன்னது என்று தெரியாது. அந்த இடத்தில் கேட்பது ஒரு சினிமாப் பாட்டு. "இங்க என்னத்த எடுக்குற, அங்கிட்டு போய் பொண்ணு மாப்பிள்ளைய எடு"ன்னு சொல்லியிருக்கும் என்பது அம்மாவின் யூகம். அப்பாயி இறந்து பல வருடம் ஆகிறது. அதன் குரல் எங்களிடம் எதிலும் இல்லை.

இதற்கு அந்த வீடியோக்காரரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்துத் தொழில்நுட்பமும் அதன் செலவும் அப்படித்தான் வேலை செய்தன.

ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் விஹெச்எஸ் கேசட்டை 1976இல் கொண்டுவந்தது. கேமராவும் ரெக்கார்டரும் ஒரே பெட்டிக்குள் வந்தது 1983இல், சோனியின் பீட்டாமூவியில். அதில் பதிவு செய்ய முடியும், போட்டுப் பார்க்க முடியாது. நம்மூருக்கு முதலில் வந்தது கேமரா இல்லை, டெக். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷன் கலருக்கு மாறியது, வீடுகளில் கலர் டிவி வர ஆரம்பித்தது. காதுகுத்து, சடங்கு என்றால் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். கேமரா அதன் பின்னால்தான் வந்தது, அதுவும் தோளில் வைக்கிற அளவில், ஸ்டூடியோக்காரரின் சொத்தாக.

எடிட்டிங்குக்கு அப்போது எங்களூரில் பெயர் 'மிக்ஸிங்'. இரண்டு டெக். ஒன்றில் அசல் ஓடும், மற்றதில் வேண்டிய துண்டு மட்டும் பதிவாகும். ஒவ்வொரு நகலிலும் படம் கொஞ்சம் மங்கும், கலர் கரைந்து வழியும். கல்யாணத்தன்று எடுத்ததன் நகல்தான் நம் கைக்கு வந்த கேசட். அதிலிருந்து மாமா வீட்டுக்கு ஒரு நகல் போட்டால் அது நகலின் நகல்.

விஹெச்எஸ் நாடாவில் படம் சாய்வான கோடுகளாகப் பதிவாகிறது. ஒலி தனியாக, நாடாவின் ஓரத்தில் மெல்லிய ஒரு பட்டையில். ஆகவே படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் அழித்து வேறொன்றைப் பதிய முடியும். துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய படத்தில் நிஜ ஒலி ஒவ்வொரு வெட்டிலும் துள்ளும். ஒரு பாட்டை மேலே போட்டால் எல்லாம் சீராகிவிடும். நேரம் மிச்சம், காசும் மிச்சம். அப்படி மிச்சம் பிடித்த இடத்தில்தான் அப்பாயியின் குரல் போனது.

கேமரா எங்கே திரும்பும் என்பதையும் செலவுதான் தீர்மானித்தது. கேசட்டுக்கு மூன்று மணி நேரம்தான் அளவு. விளக்குப் பிடிக்க ஒரு பையன், அவன் இழுத்துவரும் ஒயர் எட்டும் தூரம்தான் எல்லை. பணம் கொடுப்பவர் பார்க்க விரும்புவது தாலி கட்டு, மொய், பந்தியில் உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தம். சாப்பாடு படத்தில் வரும், சமைத்தவர்கள் வரமாட்டார்கள்.

இந்தக் கணக்கு மாறியது ஒரே நாளில் இல்லை, ஒவ்வொரு படியாக. 1995இல் டிவி என்கிற டிஜிட்டல் கேசட் வந்தது. ஃபயர்வயர் கேபிள் வழியாக நகலெடுத்தால் தரம் குறையாது. ஆனால் ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 13 ஜிபி. 2000 வாக்கில் வீட்டுக் கணினியின் வட்டு மொத்தமே பத்து இருபது ஜிபி. 1999இல் ஆப்பிளின் ஐமூவி, 2000இல் விண்டோஸ் எம்ஈயோடு மூவி மேக்கர் என்று எடிட்டிங் மென்பொருள் கணினியோடு இலவசமாக வந்தது. 2005இல் யூடியூப். 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்தபிறகு போட்டோ எடுக்கிற கேமராவே சினிமா போலப் படம் பிடித்தது. 2011இல் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு வந்தது, சினிமாவுக்குக் கலர் திருத்துகிற மென்பொருள் அது.

இவ்வளவும் இருந்தும் எங்கள் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் பத்து நிமிட வீடியோவை ஏற்றி, பக்கத்து ஊர்க்காரர் அதைப் பார்க்க முடியாது. டேட்டா அவ்வளவு விலை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து அந்தக் கடைசிக் கதவும் திறந்தது. வீடியோ வரலாற்றைக் கேமராவின் வரலாறாக எழுதுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். எடுப்பது மலிவாவதைவிடப் பார்ப்பது மலிவானதுதான் பெரிய திருப்பம்.

இரண்டு வருடம் கழித்து, 2018இல், புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கியது. கேட்டரிங் வேலை பார்த்திருந்த பெரியதம்பி தாத்தாவும், பேரன்கள் சுப்பிரமணியன், முருகேசன், அய்யனார், தமிழ்ச்செல்வன், முத்துமாணிக்கம் ஐந்து பேரும். வயல்வெளியில் அடுப்பு மூட்டி ஊருக்கே சமைப்பதுதான் மொத்தக் கதை. இந்த வகையில் இவர்கள் முதல் ஆள் இல்லை. ஆந்திராவின் மஸ்தானம்மா பாட்டி அதற்கு முன்பே உலகப் புகழ் பெற்றிருந்தார். ஆனாலும் 2021 ஜனவரியில் ராகுல் காந்தி இவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே வருடம் ஜூலையில் சேனல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல். முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். 2022இல் 'விக்ரம்' படத்தில் தலைகாட்டினார்கள்.

இதையெல்லாம் செய்தியில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அவர்களுடைய எடிட்டிங் பற்றி. பின்னணி விளக்கவுரை கிடையாது. ஆகவே தனியாகக் குரல் பதிவு செய்யும் செலவு இல்லை. வெளிச்சத்துக்கு வெயில், செட்டுக்கு வயக்காடு. மசாலா போடும்போது ஒவ்வொன்றின் பெயரையும் உரக்கக் கத்துகிறார்கள். அதுவே வர்ணனை, அதுவே தாளம். அம்மி அரைபடுவது, எண்ணெயில் வெங்காயம் விழுவது எல்லாம் அந்த இடத்தின் ஒலி. தமிழ் தெரியாத ஆளுக்கும் புரிகிற படம். கல்யாண கேசட்டில் மிச்சம் பிடிக்க எதை அழித்தார்களோ, அதையே இவர்கள் முதலாக வைத்தார்கள். கேமரா தேடாமல் விட்ட சமையல்காரர்தான் இங்கே நாயகன். முதல்முறை பார்த்தபோது எனக்கு உடனே அப்பாயி ஞாபகம்தான் வந்தது.

நானும் எடுக்க ஆரம்பித்தேன். பெங்களூரில் கோடு எழுதுகிறவனுக்குப் பொருள் வாங்கித் தள்ளும் வியாதி உண்டு. முதலில் லென்ஸ் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிற போனில் எடுத்துப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, படம் ஏற்கெனவே தேவைக்கு மேல் நன்றாக இருக்கிறது, கேவலமாக இருப்பது ஒலிதான். சட்டையில் குத்துகிற ஒயர் மைக் ஒன்று சில நூறு ரூபாய். நான் செலவழித்ததில் உருப்படியானது அதுதான். ஜன்னலைப் பார்த்து ஆளை உட்கார வைத்தால் விளக்கு வேண்டாம். போனை ஏதாவது ஒன்றில் சாய்த்து அசையாமல் வைத்தால் பாதி எடிட்டிங் முடிந்தது. போன்கள் விநாடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று சீராக எடுப்பதில்லை. அதனால் நீளமான பதிவில் உதடும் குரலும் மெல்ல மெல்ல விலகும். எடிட்டிங்குக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் சீரான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். இது தெரியாமல் நான் தொலைத்த ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு.

அத்தை கேசட்டையும் கணினிக்கு மாற்றினேன். உறையில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. பல இடங்களில் படம் மழை பெய்கிறது. அந்த நான்கு விநாடி தப்பியது, பாட்டோடு. ஒலியைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. ஓட்டிப் பார்த்தேன். பாட்டு போனால் மிச்சம் நாடாவின் இரைச்சல்தான். அழித்துவிட்ட பட்டையில் பிரித்தெடுக்க எதுவும் இல்லை.

நம் கோப்புகள் மட்டும் நிரந்தரமா? பூஞ்சை பிடித்த கேசட்டில்கூடக் கொஞ்சம் மிஞ்சுகிறது. தொலைந்த போனில் ஒன்றும் மிஞ்சாது. என் கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, தங்கச்சி வீட்டில் ஒன்று என்று மூன்று நகல் வைக்கிறேன்.

போன பொங்கலுக்கு அம்மா கொல்லையில் அடுப்பு மூட்டியபோது போனைத் துணி துவைக்கிற கல்லில் சாய்த்து வைத்தேன். பதினோரு நிமிடம். ஆரம்பத்திலேயே அம்மா திரும்பி, "ஏன்டா, என்னத்தடா எடுக்குற, வேற வேலையில்ல?" என்கிறது. பின்னால் கோழி கத்துகிறது, பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. எடிட் பண்ண உட்கார்ந்தபோது அந்த முதல் வாக்கியத்தை வெட்டிவிட்டால் வீடியோ கச்சிதமாகத் தொடங்கும் என்று தோன்றியது. வெட்டவில்லை.