ஓவியப் பென்சில்: பழைய நிறுவனங்களும் அவற்றின் போட்டியும்

ஓவியர்களும் பொறியியல் வரைவாளர்களும் கையாண்ட உயர்தரப் பென்சில்களின் வரலாறு, பெரும்பாலும் மத்திய ஐரோப்பாவின் சில குடும்பங்கள் நடத்திய நீண்ட போட்டியின் வரலாறு.

தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்துக் கிராஃபைட்டை அறுத்து மரத்துக்குள் பதித்தார்கள். இங்கிலாந்துடன் நடந்த போரினால் அது பிரான்சுக்கு வராமல் போகவே, நிக்கோலா ழாக் கோன்டே கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டு, 1795இல் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கோடு வெளிறும், குறைந்தால் கறுக்கும். எச் (கடினம்), பி (கருமை) என்ற தர வரிசை முழுவதும் இந்த விகிதத்தில்தான் நிற்கிறது.

நியூரம்பெர்க் அருகே ஸ்டைன் என்ற ஊரில் காஸ்பர் ஃபாபர் 1761இல் தொடங்கிய தொழிலை, கொள்ளுப்பேரன் லோதார் 1839இல் ஏற்றார். பென்சிலில் நிறுவனப் பெயரைப் பொறித்து விற்றார். 1856இல் சைபீரியக் கிராஃபைட்டுக்குத் தனியுரிமை பெற்றார். போலிகள் பெருகியதால் 1874இல் வணிகச் சின்னங்களுக்குப் பாதுகாப்புக் கோரி ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார். மறு ஆண்டே அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஃபாபர் பென்சிலின் மென்மையையும் கருமையையும் வான்கோ 1883இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பாராட்டியிருக்கிறார்.

நியூரம்பெர்க் நகரத்தின் ஸ்டெட்லர் குடும்பம் 1662ஆம் ஆண்டு ஆவணத்தில் தன் முன்னோரைக் காட்டி மூப்புக் கோருகிறது. ஆனால் இன்றைய ஸ்டெட்லர் நிறுவனம் 1835இல் பிறந்தது. தொடர்ந்து நடந்த தொழில் என்று பார்த்தால் ஃபாபரே மூத்தது.

இருவரையும் அசைத்தது ஹார்ட்முத். வியன்னாவில் 1790இல் தொடங்கி, பின்னர் இன்றைய செக் நாட்டிலுள்ள புட்வைஸ் நகருக்குப் பெயர்ந்த இந்நிறுவனம், இந்திய வைரத்தின் பெயரில் கோஹினூர் 1500 பென்சிலை 1889 பாரிஸ் கண்காட்சியில் காட்டியது. அதன் மஞ்சள் வண்ணத்தைப் பலரும் பின்பற்றினர். வண்ணத்தைவிடப் பெரிய சாதனை அதன் 17 தரங்கள்தான்: வரைவாளர் எப்போது வாங்கினாலும் 4எச் என்றால் அதே கோடு விழ வேண்டும். இந்தச் சீர்மைதான் நல்ல பென்சிலுக்கு உரைகல். ஃபாபர் நிறுவனம் (இன்றைய ஃபாபர்-காஸ்டெல்) 1905இல் பச்சை நிறக் காஸ்டெல் 9000 பென்சிலால் பதில் சொன்னது; ஸ்டெட்லர் 1930 வாக்கில் நீல நிற லூமோகிராஃபைக் கொண்டுவந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் 1958இல் யூனி என்ற பென்சிலோடு இந்த வரிசையில் சேர்ந்தது.

பழைய பென்சில் சேகரிப்போர் முதலில் பார்க்க வேண்டியது அதில் பொறித்த நாட்டின் பெயரை. கோஹினூரில் ‘ஆஸ்திரியா’ என்றிருந்தால் பொதுவாக அது 1918க்கு முந்தையது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் பிந்தையது. காஸ்டெல் 9000, கோஹினூர் 1500, லூமோகிராஃப் மூன்றும் இன்றும் தயாராகின்றன.