பன்னிரு முதலிமாரும் ஒரு கணிப்பொறியும்

குற்றவாளிக்குத் தண்டனை விதிக்கும் நீதிபதிக்குச் செயற்கை நுண்ணறிவு துணைநிற்குமென இன்று பேசப்படுகின்றது. பழைய நடப்பைத் தொகுத்து நீதிபதியின் கையில் வழிகாட்டியாகக் கொடுப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று.

ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707இல் அளித்தார். அதன் தமிழாக்கத்தைப் பன்னிரு முதலிமார் பார்வையிட்டுச் சரியென ஒப்புக்கொண்டனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயரும் அதனை நிலைநிறுத்தினர். தேசவழமை தண்டனைச் சட்டமன்று. சீதனம், முதுசம், ஈடு முதலியன பற்றியதே. ஆயினும் கோவியரும் பள்ளரும் நளவரும் அதில் அடிமைகளாக எழுதப்பட்டுள்ளனர். அவர்களுடைய கருத்தைக் கேட்டார் எவருமிலர். முதலிமாரைக் கேட்டதே போதுமாயிற்று! இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இலேயாம்.

இன்றைய கணிப்பொறியும் பழைய பதிவுகளைக் கொண்டே வருங்காலத்தைக் கணிக்கின்றது. பொலிசார் எவரை மிகுதியாகப் பிடித்தனரோ அவரே அதன் கண்ணுக்கு ஆபத்தானவர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 'கொம்பாஸ்' என்னும் அத்தகைய கணிப்பும் கருதப்பட்டு ஆறாண்டுச் சிறை பெற்ற ஒருவர், அதன் உள்முறையைத் தம்மால் ஆராய இயலவில்லையென முறையிட்டார். அது கம்பனியின் வணிக இரகசியமாம். 2016இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சில எச்சரிக்கைகளோடு அக்கணிப்பை அனுமதித்து, அவரது முறையீட்டை நிராகரித்தது. முதலிமாருக்கேனும் வாசித்துப் பார்க்க ஒரு தமிழ்ப் பிரதி கிடைத்தது.