நோயாளியின் மொழியில் ஓர் ஊழியம்

கிறிஸ்தவப் பாடசாலையிலே படித்த நமக்குப் ‘பரிசுத்தமான வாழ்வு’ என்ற சொல் புதியதல்ல. காலைக்கூட்ட ஜெபத்திலும் சமய பாட வகுப்பிலும் அதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். சைவப் பிள்ளைகளும் நம்மோடிருந்து கேட்டிருக்கிறார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் புறப்படும் ஒருத்தியிடம் அந்தச் சொல் என்ன எதிர்பார்க்கிறது? நமது சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவுசெய்யும் இவ்வேளையில், 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணிசெய்த ஒரு வைத்தியரின் வரலாற்றைக் கொண்டு இக்கேள்வியைச் சிந்திக்க விரும்புகிறேன்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் டொக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணியை ஆரம்பித்தார். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை உருவாயிற்று. அதே மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து சேர்ந்தார். வட்டுக்கோட்டையில் சிலகாலம் இருந்துவிட்டு 1848இல் மானிப்பாய்க்கு வந்தார். நோயாளரைப் பார்த்தார், சத்திரசிகிச்சை செய்தார், உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கும் வகுப்பு ஒன்றையும் நடத்தினார்.

அவ்வகுப்பு முதலில் ஆங்கிலத்திலேயே நடந்தது. தேறியவர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவருக்கு அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் வெளியிடங்களில் காத்திருந்தன. பலர் போய்விட்டார்கள், கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் இல்லாத குறை தீரவில்லை. ஊரில் நிற்கும் வைத்தியர் வேண்டுமானால் ஊரின் மொழியிலே கற்பிக்க வேண்டும் என்ற முடிவுக்குக் கிறீன் வந்தார். இடையில் அமெரிக்கா சென்று 1862இல் திரும்பிய அவர், 1864 முதல் தமிழில் கற்பிக்கலானார்.

அதற்கு வேண்டிய பாடநூல்களை அவரும் அவருடைய மாணவர்களுமே ஆக்கவேண்டியிருந்தது. ‘பிரசவ வைத்தியம்’ 1857லேயே வெளிவந்திருந்தது. ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகியவை 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வந்தன. எல்லாமாக 4,000 பக்கங்களுக்கு மேல். மனுஷ அங்காதிபாதம் என்பது கிரேயின் புகழ்பெற்ற உடலமைப்பு நூலின் தமிழ் வடிவம். அந்தப் பாடத்தை ஆங்கிலத்தில் இரவிரவாக மனனம் செய்த என்னைப் போன்றவர்களுக்கு, ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப்பெயர் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது விளங்கும். சொல்லை முதலில் தமிழில் தேடினார்கள். கிடைக்காதபோது சமஸ்கிருதத்தில் தேடினார்கள். அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய மாற்றினார்கள். கெமிஸ்தம் அப்படிப் பிறந்த பெயர். கிறீனிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலே கற்றவர்கள்.

கிறீன் மிஷனரியாகவே வந்தவர். தமிழர் கிறிஸ்துவை அறியவேண்டும் என்பது அவருடைய வெளிப்படையான நோக்கம். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நியாயமாகாது. ஆனால் கிறிஸ்தவராவதற்கு மேல்நாட்டாராக மாறவேண்டியதில்லை என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். தம்முடைய மாணவர் தமிழருக்குரிய உடையோடும் பழக்கவழக்கங்களோடும் இருப்பதையே விரும்பினார். பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில், வேலைக்காரரின் அன்றாட உழைப்பையே கர்த்தருக்குச் செய்யும் சேவையாகக் காட்டுகிறார். கிறீனின் பக்தியை நான் அங்கேதான் காண்கிறேன். ஒரு நோயாளி, ஒரு பாடம், ஒரு சொல் என்று ஆண்டுக்கணக்காகச் சலிக்காமல் செய்த வேலை அது.

1870இல் கொழும்பில் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. நாளடைவில் இலங்கை முழுவதும் வைத்தியக் கல்வியின் மொழி ஆங்கிலமே ஆயிற்று. நானும் அவ்வழியே வந்தவள். அதனால் கிடைத்த நன்மைகள் பல. என்றாலும், கிளினிக் கொப்பியில் நாங்கள் எழுதுவதை நோயாளி வாசித்து விளங்கிக்கொள்ள முடிவதில்லை. சலரோகத்துக்கு வருடக்கணக்காகக் குளிசை எடுக்கும் அம்மாமார் சிலருக்கு எந்தக் குளிசை எதற்கென்று தெரியாது. கேட்கப் பயம், டொக்டருக்கு நேரமில்லை என்ற எண்ணம். நோயாளர் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் நாளில், ஒருவரை இருத்தி அவருடைய வருத்தத்தை அவருடைய சொல்லிலேயே விளக்க 5 நிமிடம் ஒதுக்குவது இலேசல்ல. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போவதைவிட அது எனக்குக் கடினம்.

கிறீனின் ஆங்கில வகுப்பு மாணவரைப் போலவே நம்மிலும் பலர் ஊரைவிட்டுப் போனோம். படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் போனவர்கள் உண்டு. யுத்தம் துரத்தப் போனவர்களும் உண்டு. போனதைக் குற்றமாகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கற்ற கல்வி நம்மை யாருக்கு அருகில் கொண்டுபோனது, யாரிடமிருந்து விலக்கியது என்பதை எங்கிருந்தாலும் கேட்டுப்பார்க்கலாம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ அயல்வீட்டு வயோதிபத் தாயோடு வைத்தியசாலைக்குப் போய் மொழிபெயர்த்து உதவுபவளும், இங்கே பின்வாங்கிலில் இருக்கும் பிள்ளைக்கு விளங்கும்வரை திரும்பச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையும் கிறீன் செய்த வேலையைத்தான் தொடர்கிறார்கள். கிறிஸ்தவளாக இருப்பவள் அதை ஊழியம் என்பாள். சைவத் தோழி தொண்டு என்பாள்.

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தைவிட்டுப் போனார். அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் இருந்தபடியும் தமிழ் வைத்திய நூல்களுக்காகவே உழைத்து, 1884இல் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றே அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயில் இன்றும் இருக்கிறது. ஊருக்கு வரும் பழைய மாணவிகள் நேரம் கிடைத்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை அங்கே போய்வாருங்கள். தமிழில் வைத்தியம் கற்பித்த ஒருவர் அங்கே வாழ்ந்தார் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.