மழலையர் கல்விப் பட்டம் (பின்லாந்து)

பின்லாந்தில் மழலையர் கல்வி ஆசிரியர் பயிற்சி 1995இல் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றப்பட்டது. 180 பாடப்புள்ளிகள் கொண்ட இந்த மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தில் வளர்ச்சி உளவியல், விளையாட்டு, இசை ஆகியவற்றோடு மேற்பார்வையில் நடக்கும் களப்பயிற்சியும் அடங்கும். சின்னஞ்சிறார்க்கு அன்பு போதாதா, பட்டம் எதற்கு என்பது பழைய ஆட்சேபம். அன்பு தேவைதான், ஆனால் பேச்சுத் தாமதத்தையும் வெறும் கூச்சத்தையும் பிரித்தறியப் பயின்ற கண் வேண்டும். இன்னொரு மறுப்பு வலுவானது. அமெரிக்காவில் ஏழு பெரிய ஆய்வுகளின் தரவுகளை அலசி 2007இல் வெளியான கட்டுரையில், ஆசிரியரின் பட்டத்துக்கும் வகுப்பறைத் தரத்துக்கும் உறுதியான தொடர்பு தென்படவில்லை. இது பட்டத்தையே வீண் என்று காட்டுவதாகாது. ஒரே பெயரில் வழங்கும் பட்டங்களுக்குள் பாடமும் பயிற்சியும் பெரிதும் வேறுபடுகின்றன; கற்றதைச் செயல்படுத்தப் பணியிடமும் இடம்கொடுக்க வேண்டும். பின்லாந்தில் மூன்று வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்பது விதி. பட்டத்தின் பலனில் இந்த விகிதத்துக்கும் பங்குண்டு. பட்டத்தை மட்டும் இரவல் வாங்கும் நாடுகள் இதைக் கவனிப்பதில்லை. பின்லாந்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டம், பகல்நேரக் காப்பகப் பணியாளர்களில் மூன்றில் இரு பங்கினர் 2030க்குள் உயர்கல்வித் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்கிறது; அவர்களில் பாதிப்பேராவது ஆசிரியர்களாக இருக்க வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையும் குறைந்த ஊதியமும் இந்த இலக்குக்குத் தடையாக நிற்கின்றன.